ஆந்தையின் விலாசம்

ஐம்பதைத் தாண்டி, தலைக்குச் சாயம் பூசுவதா வேண்டாமா என்ற சண்டையும் ஓய்ந்து, தன் மூக்குக்கண்ணாடிக் கடையில் பாதிப் பேர் "மேடம்" என்றும் மீதிப் பேர் "எழுத்தாளரம்மா" என்றும் கூப்பிட ஆரம்பித்த பிறகும், அக்கா வீட்டுக்குள் காலை வைத்தால் அவள் சின்னவள்தான். "சின்னவளே, செருப்பை ஓரமா விடு" என்று உள்ளேயிருந்து குரல் வரும். எழுத்தாளரம்மா செருப்போடு வெளியிலேயே நின்றுவிடுவாள். சின்னவள் மட்டும் உள்ளே போவாள்.

அவள் எழுதுவது துப்பறியும் நாவல்கள். கொலை உண்டு, ஆள் கடத்தல் உண்டு, உயில் கூட உண்டு. ஆனால் துப்பு மட்டும் பறவையிடமிருந்து வரும். துப்பறிகிறவர் ஓய்வு பெற்ற டிக்கெட் பரிசோதகர். கழுத்தில் பைனாகுலரைத் தொங்கவிட்டுக்கொண்டு ஏரிக்கரையாகச் சுற்றுகிற மனிதர். முதல் நாவலில் ஒருத்தன், "காலையிலிருந்து இந்த ஏரிப் பக்கம் நான் ஒருவன்தான் இருந்தேன், ஒரு ஈ காக்கை வரவில்லை" என்று அடித்துச் சொல்வான். பரிசோதகர் மெதுவாக, "அப்படியானால் எதிர்க்கரையில் ஆள்காட்டி ஏன் விடாமல் கத்தியது?" என்று கேட்பார். ஆள் நடமாட்டம் இருந்தால்தான் அந்தக் குருவி அப்படிக் கத்தும். அத்தோடு அவன் மாட்டினான். வாசகர்கள் சொக்கிப் போனார்கள்.

அந்த ஆள்காட்டியைக் கொடுத்தது அக்கா. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு பறவையும் அக்கா கொடுத்ததுதான். அக்கா தண்ணீர் வாரியத்தின் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். குடிதண்ணீரில் என்ன கிருமி இருக்கிறது என்று குனிந்து பார்த்த நேரம் போக மீதி நேரமெல்லாம் அண்ணாந்து பார்த்தே வாழ்ந்தவள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளோடு பறவை பார்க்கப் போகிற ஒரு சின்னக் கூட்டம் உண்டு. பல் டாக்டர் ஒருவர், ஒரு கணக்கு டீச்சர், ஒரு ஃபிரிட்ஜ் மெக்கானிக், இன்னும் வருவதும் போவதுமாகச் சிலர். நடந்து முடித்து அக்கா வீட்டு முன்னறையில் டீ குடித்தால்தான் ஞாயிறு முடிந்ததாகக் கணக்கு.

தங்கையின் நாவல்களை அக்கா பென்சிலோடுதான் படிப்பாள். கொலை வருகிற பக்கங்களைத் தள்ளிவிடுவாள். "யாரு கொன்னா எனக்கென்னடி, செத்தவன் செத்தான்." பறவை வருகிற இடத்தில் பென்சில் இறங்கும். "இந்த மாசத்துல குயில் இப்படிக் கூவாது." "நாரையை எதுக்குடி மரங்கொத்தி மாதிரி அவசரப்பட வைக்கிற?" ஒவ்வொரு நாவலும் கோடும் வட்டமுமாக, கணக்கு டீச்சரின் கையில் அகப்பட்ட விடைத்தாளைப் போலத் திரும்பி வரும். "நல்லா இருக்கு" என்ற ஒரு வார்த்தை வந்ததே இல்லை. வாசகர்கள் ஆயிரம் பேர் பாராட்டினாலும் சின்னவளுக்கு அந்தப் பென்சில்தான் கண்ணில் நிற்கும். கோடு விழாத ஒரு புத்தகத்தை அக்கா கையில் கொடுத்துவிட வேண்டும். பிறந்ததிலிருந்து அவளுக்கு இருந்த ஒரே லட்சியம் இதுதான் என்று சொன்னாலும் தப்பில்லை.

அக்காவின் கூட்டத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. எங்கே எந்தப் பறவையைப் பார்த்தாலும் கூவிக் கூவிச் சொல்லலாம். கூடு கட்டியிருந்தால் மட்டும் இடத்தைச் சொல்லக் கூடாது. "ஒரு இடத்துல விசேஷம்" என்று சொல்வார்கள், ஏதோ மருமகள் உண்டாகியிருப்பதைப் போல. எல்லோரும் முகம் மலர்ந்து சிரிப்பார்கள். "எங்க?" என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் அது அசிங்கம். மெக்கானிக் முன்பு ஒரு முறை தேன்சிட்டுக் கூட்டைப் படம் எடுத்து, பெருமை தாங்காமல் ஊருக்கே அனுப்பிவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டது எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது.

துப்பறியும் கதைக்காரர்களுக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. அது நேர் எதிர். துப்பு எதையும் மறைக்கக் கூடாது. எல்லாவற்றையும் வாசகர் கண் முன்னால் வைத்துவிட வேண்டும். கடைசிப் பக்கத்தில் புதிதாக ஒரு சித்தப்பாவைக் கொண்டுவந்து இவர்தான் கொலைகாரர் என்றால் வாசகர் புத்தகத்தைத் தூக்கி எறிவார். இந்த விஷயத்தில் சின்னவள் படுநேர்மை. "உங்க கதையில ஏமாத்து வேலையே இல்ல மேடம்" என்று வாசகர்கள் சொல்லும்போது அவளுக்குக் காது குளிரும். இந்த இரண்டு கட்டுப்பாடும் ஒரே ஆளின் தலைக்குள் குடியிருந்தால் என்ன ஆகும் என்று அவள் யோசித்ததில்லை. யோசித்திருக்க வேண்டும்.

போன வருஷம் அக்காவுக்கு முழங்கால் மடக்கிவிட்டது. மாடிப்படி என்றாலே முகம் சுருங்கும். அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் தங்கையைப் பக்கத்தில் உட்காரவைத்து, கதவைச் சாத்திவிட்டு, "ஒரு இடத்துல விசேஷமான்னு பாத்துட்டு வந்து சொல்லணும்" என்றாள். சொன்ன கையோடு இடத்தையும் சொன்னாள். சின்னவளுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அக்கா யாருக்கும் எந்தக் கூட்டின் இடத்தையும் சொன்னதில்லை, அத்தான் உயிரோடு இருந்தபோது அவருக்கே சொன்னதில்லை.

தண்ணீர் வாரியத்தின் பழைய பம்ப் ஹவுஸ் அது. மோட்டார்களைக் கழற்றிக்கொண்டு போய் வருஷக்கணக்காகிவிட்டது. அதன் மேல் சுவரில், தகரக் கூரைக்குக் கீழே, குழாய் போவதற்காக விட்ட ஒரு மாடம். அதில் கொம்பன் ஆந்தை ஜோடி குடியிருந்தது. முயல் குட்டியைத் தூக்கிக்கொண்டு போகிற அளவுக்குப் பெரிய ஆந்தை. தலையில் இரண்டு கொம்பு மாதிரி சிறகு. அக்கா வேலையில் சேர்ந்த காலத்திலிருந்து அதைத்தான் காவல் காத்துவந்தாள். பக்கத்திலிருந்த பரிசோதனைக்கூடத்து ஃபிரிட்ஜைப் பழுது பார்க்க வந்தபோது சத்தத்தைக் கேட்டு இடத்தைப் பிடித்துவிட்ட மெக்கானிக்கைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அவனிடம் அன்றைக்கே சத்தியம் வாங்கிவிட்டாள்.

எதிரே இருந்த வடிகட்டிக் கட்டிடத்தின் மாடி ஜன்னலில் உட்கார்ந்து சின்னவள் சாயங்காலம் சாயங்காலமாகப் பார்த்தாள். கண்ணாடிக் கடைக்காரிக்குப் பார்ப்பதென்றால் தொழில். ஆந்தை ஒரு கண்ணை மட்டும் திறந்து அவளை எடை போட்டது. மேற்கிலிருந்து காற்று அடித்தால் பிஸ்கட் ஆலையின் அடுப்பு வாசனை வந்தது. ஷிப்ட் மாறும் சங்கு ஊதியது. முதுகுப் பக்கம் சரக்கு ரயில் வளைவில் வேகத்தைக் குறைத்து முனகியது. அந்தப் பக்கச் சுற்றுச்சுவர் ஓர் ஆள் நுழைகிற அகலத்துக்கு இடிந்து கிடந்தது. அப்புறம் இருட்டும் நேரத்தில் அந்தக் குரல். அடிவயிற்றிலிருந்து இரண்டு முறை. வீட்டுக்குப் போய் ஒன்று விடாமல் அக்காவிடம் ஒப்பித்தாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "ரெண்டு முட்டையா? ஒக்காந்துட்டாளா? சரி. போதும். இனி யாரும் அந்தப் பக்கம் போகக் கூடாது, நீயும் சேத்துத்தான்."

போகவில்லை. எழுதினாள்.

புது நாவலில் ஒரு மருந்துக் கம்பெனி முதலாளியைக் கடத்திக்கொண்டு போய் ஓரிடத்தில் அடைத்துவைத்திருப்பார்கள். போனில் அவர் பேசும்போது பின்னால் கேட்கிற சத்தங்களையும் அவர் சொல்கிற அடையாளங்களையும் வைத்து, பரிசோதகர் அந்த இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். முதலில் கற்பனையாக ஒரு கோடவுனை எழுதிப் பார்த்தாள். உப்புச் சப்பில்லாமல் இருந்தது. கோடவுனைப் பம்ப் ஹவுஸாக்கி, ஜன்னலில் கேட்ட சங்கையும் ரயிலையும் போட்டதும் பக்கம் உயிர் பெற்றுவிட்டது. பிஸ்கட் வாசனையைச் சேர்த்தாள். இடிந்த சுவரைச் சேர்த்தாள். ஆந்தையின் குரலைச் சேர்க்கும்போது மட்டும் கை கொஞ்சம் நின்றது. 'ஊர்ப் பெயரையே சொல்லவில்லையே, உலகத்தில் எத்தனையோ பம்ப் ஹவுஸ்' என்று தனக்குத் தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். அப்புறம் கை நிற்கவில்லை.

நாவல் வந்தது, நன்றாகவே விற்றது. அக்காவிடமும் ஒன்றைக் கொடுத்தாள். ஆனால் அக்காவால் படிக்க முடியவில்லை. தூரத்தில் பறக்கிறது பருந்தா வல்லூறா என்று இன்னமும் பளிச்சென்று சொல்லுவாள். கிட்டத்துப் பார்வைதான் மங்கியிருந்தது. சின்னவளே கடைக்குக் கூட்டிப் போய்ப் பரிசோதித்து, புதுக் கண்ணாடிக்கு அளவெடுத்து அனுப்பினாள். "சீக்கிரம் குடுடி, உன் புத்தகம் காத்துக்கிட்டு இருக்கு, பென்சிலும் காத்துக்கிட்டு இருக்கு" என்று சிரித்துவிட்டுப் போனாள் அக்கா. லென்ஸ் வந்தது. ஃபிரேமில் பொருத்தியாகிவிட்டது. கொண்டுபோய்க் கொடுக்கத்தான் நேரமில்லாமல் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அந்த வாசகர் கடைக்கு வந்தார். சட்டையை ஒழுங்காக உள்ளே விட்ட, நாற்பது வயதுக்காரர். முகவாயை மிஷினில் வைத்து, எழுத்துகளைக் கடைசி வரி வரை வாசித்துவிட்டு, "மேடம், நீங்கதானே அவங்க?" என்றார். பையிலிருந்து நாவலை எடுத்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"நாங்க ஒரு குரூப் வெச்சிருக்கோம் மேடம், உங்க வாசகருங்க மட்டும். கண்டுபிடிச்சிட்டோம்."

"எதை?"

"பம்ப் ஹவுஸை! பிஸ்கட் ஆலைக்குக் கிழக்கே, ரயில் வளைவு, ஆலைச் சங்கு... மேப்பை விரிச்சு வெச்சுக்கிட்டு ஒரே வாரத்துல பிடிச்சிட்டோம். இடிஞ்ச சுவர் கூட அப்படியே இருக்கு மேடம். கடைசில பாத்தா ஆந்தையும் இருக்கு!"

போனை நீட்டினார். படத்தில் கொம்பன் ஆந்தை. ஃபிளாஷ் வெளிச்சம் முகத்தில் அறைந்து, இரண்டு கண்ணும் வெள்ளையாய்த் தெரிந்தன.

"ஆடாம அசையாம ஒக்காந்திருந்துச்சு. எங்காளு ஒருத்தர் போன்ல ஆந்தைச் சத்தம் போட்டாரு. உடனே எந்திரிச்சு நின்னு பாத்துச்சு பாருங்க, அந்த நேரம் எடுத்தது."

இந்த இடத்தை மழுப்பி எழுதிவிடலாம், யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் நடந்தது என்னவென்றால், சின்னவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். உச்சி குளிர்ந்துவிட்டது. தான் வைத்த துப்புகளை ஒன்று விடாமல் கோத்து நிஜ இடத்தைப் பிடித்த வாசகர்! எந்த எழுத்தாளருக்கு வாய்க்கும்? அவர் நீட்டிய புத்தகத்தில் பேனாவை எடுத்து, 'கண்டுபிடித்துவிட்டீர்கள்! வாழ்த்துகள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கடைசி எழுத்துக்கு ஒரு சுழி வேறு.

அவர் போன பிறகு, துணியை எடுத்து மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் அவர் சொன்னது புத்தியில் ஏறியது. ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தது என்றாரே. இந்த வருஷமும் அடைகாக்கிறது. எழுந்து நின்றது என்றாரே.

உடனே அக்காவிடம் ஓடியிருக்கலாம். அக்கா பம்ப் ஹவுஸ் வாட்ச்மேனிடம் சொல்லி அன்றைக்கே வழியை அடைத்திருப்பாள். சின்னவள் என்ன செய்தாள் என்றால், ஆர்டர் சீட்டிலிருந்த எண்ணைப் பார்த்து வாசகருக்குப் போன் போட்டு, "இனிமே யாரும் அங்க போக வேணாமே, பாவம், பறவை" என்று குழைந்தாள். "ஐயோ, சரி மேடம். ஆனா படத்தை எல்லாரும் எல்லாருக்கும் அனுப்பிட்டாங்களே" என்றார் அவர். அப்புறம் மேஜை டிராயரைத் திறந்தாள். அக்காவின் கண்ணாடி உறையோடு தயாராக இருந்தது. அதை எடுத்து, வேறு யார் யாருடைய கண்ணாடிகளுக்கோ அடியில் செருகிவைத்தாள். நேரமில்லை என்ற சாக்கு போய், அன்றிலிருந்து அது திருட்டாயிற்று.

அந்த வாரத்திலேயே வாட்ச்மேன் அக்காவைக் கூப்பிட்டுவிட்டார். யார் யாரோ சுவரைத் தாண்டி வருகிறார்கள் என்றார். அக்கா ஆட்டோவில் போய் இறங்கி, வடிகட்டிக் கட்டிடத்தின் படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறியிருக்கிறாள். ஜன்னலிலிருந்து பார்த்தால் மாடத்தில் யாரும் இல்லை. சாயங்காலம் வரைக்கும் காத்திருந்தாள். மறுநாளும் போனாள். கடைசியில் வாட்ச்மேனை ஏணி பிடிக்கச் சொல்லி, முட்டையைத் தொடவே கூடாது என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிறவள், கையை நீட்டித் தொட்டுப் பார்த்தாள். இரண்டும் ஜில்லென்று இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை முன்னறையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. யாரும் எடுக்கவில்லை. அக்கா காலை ஸ்டூலில் நீட்டி, முழங்காலில் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுத கண் இல்லை. அழாத கண்ணாக இருந்ததுதான் பார்க்க முடியவில்லை.

"ஒரு இடத்துல விசேஷமா இருந்துச்சு. இப்ப இல்ல. யாரோ இடத்தைச் சொல்லிட்டாங்க. ஆள்காட்டி வேலை பாத்தது யாருன்னு எனக்குத் தெரியணும்."

"யாருக்கெல்லாம் தெரியும்?" என்றார் பல் டாக்டர்.

"எனக்கு. இவனுக்கு." மெக்கானிக்கைக் காட்டினாள். "என் தங்கச்சிக்கு."

எல்லோரும் சின்னவள் பக்கம் திரும்பினார்கள்.

"அவளைப் பாக்காதீங்க" என்றாள் அக்கா. "ஊருக்கே கதை சொல்றவதான். ஆனா இந்த ஒரு வருஷத்துல அவ வாயிலேருந்து ஒரு வார்த்தை வந்திருக்குமா? அவ என் ரத்தம்."

பூமி பிளந்து உள்ளே வாங்கிக்கொண்டால் தேவலை என்று இருந்தது. வாயைத் திறக்க அதைவிட நல்ல நேரம் வரப்போவதில்லை என்றும் தெரிந்தது. அதற்குள் கணக்கு டீச்சர் முந்திக்கொண்டார். "நம்மகிட்டயே ஒரு துப்பறியும் எழுத்தாளர் இருக்காங்க. அவங்களே விசாரிக்கட்டுமே."

விசாரிக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. பரிசோதகருக்காக இத்தனை வருஷம் கேள்வி எழுதிய வாய், தானாகத் திறந்தது.

"இந்த வருஷம் நீங்க அந்தப் பக்கம் போனீங்களா?"

மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தான். பொய் சொல்லத் தெரியாத முகம். "போனேன் சின்னக்கா. பெரியக்காவால படி ஏற முடியாதே, வந்துருச்சான்னு நான் பாத்துச் சொல்லலாமேன்னு. தூரத்துல ரோட்டுலேருந்துதான் பாத்தேன்."

"கேமரா?" என்றார் பல் டாக்டர்.

"கையில இருந்துச்சு. ஆனா எடுக்கல."

அவ்வளவுதான். தேன்சிட்டுக் கூடு எல்லோர் மனதிலும் வந்து உட்கார்ந்துவிட்டது. "எடுக்கல பெரியக்கா, சத்தியமா எடுக்கல" என்று அவன் இரண்டாம் முறை சொன்னபோது அது இன்னும் பொய்யாகக் கேட்டது. அக்கா அவனைத் திட்டவில்லை. "இனிமே ஞாயித்துக்கிழமை வராதீங்க" என்றாள். எப்போதும் வாடா போடா என்று கூப்பிடுகிறவனை 'வராதீங்க' என்றாள். அவன் முகம் செத்துவிட்டது. கூட்டத்துக்குப் பொதுவான பைனாகுலரைக் கழுத்திலிருந்து கழற்றி, வாரைச் சுற்றி, ஆறிப்போன டீ டம்ளர்களுக்கு நடுவில் வைத்துவிட்டுப் போனான்.

சின்னவள் உட்கார்ந்தே இருந்தாள். கிளம்பும்போது அக்கா, "கண்ணாடி என்னடி ஆச்சு?" என்று கேட்டாள்.

"லென்ஸ் இன்னும் வரலக்கா."

தெருவில் இறங்கி நடந்தபோது தன் காலடிச் சத்தமே தன்னைத் திட்டுவதாக இருந்தது. கொலைகாரர்களைக்கூட அவள் தன் நாவல்களில் இவ்வளவு கேவலமாக எழுதியதில்லை. அவர்களுக்காவது சொத்து, பகை, பயம் என்று ஏதாவது காரணம் இருக்கும். இவளுக்கு ஒரு பக்கம் நன்றாக வர வேண்டும் என்பதுதான் காரணம். அதற்கு ஒரு ஜோடி ஆந்தையும் ஒரு மனுஷனும் போனார்கள். நினைக்க நினைக்கத் தன்மேல் காறித் துப்ப வேண்டும்போல் வந்தது.

இரண்டு நாள் கடையில் யாருக்கு என்ன பவர் என்று புத்தியில் பதியவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் மெக்கானிக்கின் பட்டறைக்குப் போனாள். அவனிடம் முதலில் சொல்லிவிட வேண்டும், அங்கிருந்து நேராக அக்காவிடம் போக வேண்டும் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனாள்.

கதவைக் கழற்றிய ஃபிரிட்ஜ்கள் வாயைப் பிளந்து வரிசையாக நின்றன. அவன் ஒரு கம்ப்ரசருக்குக் குழாய் பற்றவைத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் நெருப்பை அணைத்து, ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

"வாங்க சின்னக்கா. நீங்க வருவீங்கன்னு என் வீட்டுக்காரி சொன்னா."

"அவங்களா? ஏன்?"

"அவ உங்க புத்தகம் ஒண்ணு விடமாட்டா. எனக்குப் படிக்கிற பழக்கமில்ல. கதையில கடைசி வரைக்கும் தப்பான ஆளைத்தான் எல்லாரும் சந்தேகப்படுவாங்களாம், அப்புறம் உங்காளு வந்து உண்மையான ஆளைப் பிடிச்சுக் குடுத்துருவாராம். அதான், கவலைப்படாத, சின்னக்கா கண்டுபிடிச்சிருவாங்கன்னா." கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான், துடைக்க ஒன்றும் இல்லாமல் போன பிறகும். "நீங்க அன்னிக்கு என்னைக் கேட்டதுல எனக்கு வருத்தமில்ல. விசாரிக்கணும்னா எல்லாரையும்தானே கேக்கணும். ஆனா கண்டுபிடிச்சிருவீங்க இல்ல?"

மனப்பாடம் செய்த வாக்கியம் தொண்டை வரைக்கும் வந்தது. அவனுடைய நம்பிக்கை அதைக் கீழே தள்ளிவிட்டது. திட்டியிருந்தால் சொல்லியிருப்பாள். ஸ்டூலைத் துடைத்துப் போட்டவனிடம் எப்படிச் சொல்வது?

"பாக்கறேன்" என்றாள். பாக்கறேன்! சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள். பின்னால் மறுபடியும் நெருப்பு பற்றுகிற சத்தம் கேட்டது.

கடைக்குத் திரும்பி டிராயரை முழுசாக வெளியே இழுத்து மேஜையில் கொட்டினாள். அக்காவின் உறையைத் தேடி எடுத்தாள். இன்னும் ஒரு மணி நேரம் யோசித்தால் இதையும் சொல்லாமல் விடுவதற்கு ஒரு நல்ல காரணம் கிடைத்துவிடும் என்று அவளுக்குத் தன்னைப் பற்றித் தெரிந்துவிட்டது. கடைப் பையனைக்கூட எதிர்பார்க்காமல் ஷட்டரை இழுத்துவிட்டு நடந்தாள்.

அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, பேப்பரைக் கை நீட்டிய தூரத்தில் பிடித்துக்கொண்டு தலைப்புகளை மட்டும் படித்துக்கொண்டிருந்தாள்.

"வந்துருச்சா? அப்பாடா."

சின்னவள் தரையில் மண்டியிட்டு அக்காவுக்குக் கண்ணாடியை மாட்டினாள். காதுக்குப் பின்னால் கொஞ்சம் தளர்வாக இருந்தது. கழற்றி, காம்பைத் தேய்த்துச் சூடாக்கி வளைத்து, மறுபடியும் மாட்டினாள். மூக்கில் பதிகிற இடத்தைச் சரிசெய்தாள். ஆயிரம் முகங்களுக்குச் செய்த வேலை, அன்றைக்கு முடியவே மாட்டேன் என்றது.

"இன்னும் எத்தனை தடவைடி வளைப்ப?"

சின்னவள் அலமாரியிலிருந்த புது நாவலை எடுத்து, ஓர் அத்தியாயத்தைப் பிரித்துக் கொடுத்தாள். "இத மட்டும் படிக்கா. இப்பவே."

"பறவை வருதா?"

"வருது."

அக்கா பென்சிலைத் தேடி எடுத்துக்கொண்டாள். படிக்க ஆரம்பித்தாள். சின்னவள் எதிரே தரையிலேயே உட்கார்ந்தாள். முதல் பக்கத்தில் அக்காவின் உதட்டோரம் ஒரு சிரிப்பு இருந்தது. பிஸ்கட் வாசனை வருகிற இடத்தில் அது நின்றது. சங்கு ஊதியது, ரயில் முனகியது, சுவர் இடிந்திருந்தது. பென்சில் காகிதத்துக்கு மேலே அந்தரத்தில் நின்றுகொண்டே இருந்தது. ஒரு பக்கத்தைப் புரட்டி, மறுபடியும் பின்னால் வந்து, திரும்பவும் படித்தாள். இருட்டும் நேரத்தில் அந்தக் குரல் கேட்கிற பத்தியில் கண்ணை மூடிக்கொண்டாள், போன வருஷம் தங்கை வந்து ஒப்பித்தபோது மூடிக்கொண்ட மாதிரியே.

பிறகு பென்சிலைப் புத்தகத்தின் மேல் வைத்தாள்.

"ரொம்ப நல்லா எழுதியிருக்கடி. அங்கயே நிக்கற மாதிரி இருக்கு." குரல் சாதாரணமாக இருந்தது. "ஒரு தப்பு கூட இல்ல."

எத்தனை வருஷமாகக் காத்திருந்த வார்த்தை. சின்னவள் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். அவமானத்துக்கு உடம்பில் ஓர் இடம் உண்டென்றால் அது காது என்று அன்றைக்குத் தெரிந்தது. இரண்டும் எரிந்தன.

"அக்கா, திட்டுக்கா."

அக்கா திட்டவில்லை. "இந்தக் கண்ணாடி எப்பத் தயாராச்சு?" என்று கேட்டாள்.

"ரொம்ப நாளாச்சு."

"அன்னிக்கு அவனை நான் வராதீங்கன்னு சொன்னப்பவே?"

சின்னவள் தலையை ஆட்டினாள். அக்கா கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். வெளியே ஒரு காக்கை கம்பியில் அலகைத் தீட்டிக்கொண்டிருந்தது. ஒரு பறவையைப் பார்த்து அக்கா ஒன்றும் சொல்லாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

"முட்டை போனது போச்சு. அடுத்த வருஷம் வேற எங்கயாவது வெக்கும், எனக்கு அது தெரியவே வேணாம்" என்றாள். "அவனுக்குப் போன் போடு. நீதான் பேசற. எனக்கும் கேக்கற மாதிரி போடு."

சின்னவள் போனைத் தரையில் வைத்து ஸ்பீக்கரை அழுத்தினாள். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கக் கூடாதே என்று ஒரு நொடி வேண்டிக்கொண்டாள், அதற்கும் வெட்கப்பட்டாள். எடுத்துவிட்டான். பின்னால் பட்டறைச் சத்தம்.

"சொல்லுங்க சின்னக்கா. கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"கண்டுபிடிச்சிட்டேன்."

"அப்பாடி! நான் சொன்னேன்ல... ஒரு நிமிஷம் இருங்க, என் வீட்டுக்காரி பக்கத்துலதான் இருக்கா, அவளும் கேக்கட்டும். ஏய், இங்க வா, சின்னக்கா கண்டுபிடிச்சிட்டாங்களாம்!" செருப்புச் சத்தம் வேகமாக நெருங்கி வந்தது. "ம், சொல்லுங்க. யாரு?"

அக்கா ஜன்னலை விட்டுத் திரும்பி, புதுக் கண்ணாடி வழியாகத் தங்கையின் முகத்தை மிகவும் கிட்டத்தில் பார்த்தாள்.

"நான்தான்" என்றாள் சின்னவள்.